யாருக்கு அருங்காசு?

களிம்பேறிப் பச்சை பூத்த செப்புக்காசு ஒன்று மண்ணிலிருந்து வெளிப்பட்டால் நம்மவர் வாயிலிருந்து முதலில் எழும் கேள்வி, 'இது எவ்வளவு பெறும்?' என்பதே. எங்கே கிடைத்தது, எந்த ஆழத்தில் கிடந்தது, அதனோடு வேறு என்னென்ன கிடந்தன, கண்டெடுத்தவர் யார் என்ற கேள்விகள் எழுவதில்லை. எழுந்தாலும், விலை பேசி முடிந்த பிறகு வெற்றிலை மெல்லும் நேரத்துப் பேச்சாகவே எழுகின்றன. இந்தக் கேள்விமுறையோடு நமக்கு நெடுநாளாக ஒரு வழக்கு உண்டு. அதை ஒளிவுமறைவின்றி இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம். காசு சேர்ப்பதைக் கௌரவமான பொழுதுபோக்காகக் கொண்டுள்ள நண்பர்கள் சிலர் இதனால் நம்மீது சினங்கொள்ளக்கூடும். கொள்ளட்டும்.

ஈச்சிலம்பற்றை அறியாத வாசகருக்காக இரண்டொரு சொல். திருகோணமலை மாவட்டத்தின் தென்கோடியில், கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே, மகாவலியின் கிளையொன்று வெருகல் ஆறு என்ற பெயரோடு கடலிற் கலக்கும் நாட்டுப்புறம் அது. ஒருபுறம் வங்கக் கடல். மறுபுறம் வயலும் சேனையும். இடையில் உல்லைக்கழி என்னும் களப்பு. அக்களப்பின் வாயிலில் இருக்கிறது இலங்கைத்துறை முகத்துவாரம். சிங்கள மக்கள் அதனை லங்காபட்டுன என்பர். துறை என்றாலும் பட்டுன என்றாலும் மரக்கலம் வந்தணைந்த இடம் என்பதே பொருள். புத்தரின் தந்ததாது கலிங்கத்திலிருந்து வந்து இத்துறையிலேதான் இறங்கியது என்பது பௌத்த மரபு. மேகவண்ணன் ஆண்ட கி.பி. நான்காம் நூற்றாண்டுக்கு உரியது அச்செய்தி. அதற்கும் இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் தொலமி வரைந்த தாப்ரொபேன் தேசப்படத்திலே கங்கை என்ற பெயரோடு ஓர் ஆறு காணப்படுகிறது. அது மகாவலியே என்பது அறிஞர் துணிபு. ஆக, இன்று கரைவலை இழுப்போரும் நெல் விதைப்போரும் வாழும் இந்த ஏழை மண்ணின் வாசலை, அன்றைய உலகம் தன் படத்திலே குறித்து வைத்திருந்தது.

இந்த மண்ணில் உழுகின்ற ஒருவருக்கு அப்படியொரு காசு கிடைக்கிறதென்று வைத்துக்கொள்வோம். சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிது; எடை ஒன்றிரண்டு கிராம். ஒரு பக்கத்தில் முத்துவடம் கட்டிய தலையொன்று வலப்புறம் நோக்கி நிற்கிறது. மறுபக்கத்தில், குதிரையிலிருந்து வீழ்ந்தவனை ஈட்டியாற் குத்தும் போர்வீரனோ, கைதியொருவனைத் தலைமயிரைப் பற்றி இழுத்துச் செல்லும் வெற்றித்தெய்வமோ மங்கலாகத் தெரிகிறது. விளிம்பிலிருந்த எழுத்துகள் பாதிக்குமேல் தேய்ந்துவிட்டன. கி.பி. நான்காம் ஐந்தாம் நூற்றாண்டுகளில் உரோம ஆட்சியாளர் ஆயிரம் பதினாயிரமாக அடித்துத் தள்ளிய சில்லறை அது.

அதற்கு முதல் நீதிபதி, பழைய இரும்பு பித்தளை வாங்க வரும் வியாபாரி. அவரிடம் தராசு ஒன்றுதான் உண்டு. ஓட்டை அண்டாவோடும் உடைந்த குத்துவிளக்கோடும் சேர்த்து நிறுப்பார். அவருடைய தீர்ப்பில் வஞ்சகம் இல்லை. இரண்டாவது நீதிபதி பட்டினத்திலிருந்து வரும் சேகரிப்பாளர், அல்லது அவருடைய தரகர். இவரிடம் தராசு இல்லை, புத்தகம் இருக்கிறது. புரட்டிப் பார்த்துவிட்டு, 'தம்பி, இது மலிஞ்ச சாமான். உலகம் முழுக்க இருக்கு. வந்ததுக்கு ஒரு இருநூறு ரூபா தாறன்' என்கிறார். அந்தத் தம்பியும் வாங்கிக்கொண்டு போகிறார். புத்தகம் சொல்லிவிட்டபின் யார் மறுப்பது?

அப்புத்தகம் என்ன சொல்கிறது, எப்படிச் சொல்கிறது என்பதை நாம் சற்றே நின்று பார்க்கவேண்டும்.

உரோமக் காசுகளின் அருமையை மதிப்பிடும் வழக்கம் ஐரோப்பாவின் செல்வர் மாளிகைகளிலே பிறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் ஹென்றி கோஹன் பேரரசுக் காலக் காசுகளுக்கெல்லாம் ஒரு பெரும் பட்டியல் வெளியிட்டார். ஒவ்வொரு காசுக்கும் எதிரே பிராங்குக் கணக்கில் விலை குறித்தார். அருமைக்கும் விலைக்கும் அன்று போட்ட முடிச்சு இன்றளவும் அவிழவில்லை. பின்னர் 1923 இல் மட்டிங்கிலி, சைடன்ஹாம் என்னும் இருவர் இலண்டனிலிருந்து 'உரோமப் பேரரசு நாணயங்கள்' என்ற வரிசையின் முதல் தொகுதியைக் கொணர்ந்தனர். கி.பி. 491 வரையிலான காசுகளைப் பேசும் பத்தாவது தொகுதி 1994 இல் வந்தது. எழுபது ஆண்டு உழைப்பு. அதை நாம் எள்ளி நகையாடமாட்டோம். காசியல் மாணவர் எவரும் அதன்றி ஓரடி எடுத்துவைக்க இயலாது. அத்தொகுதிகள் பலவற்றில் விலைக்குப் பதிலாக எழுத்துக் குறிகள் உள்ளன. சாதாரணம், அருகியது, அரிது, மிக அரிது என ஏறிச் சென்று, ஐந்தாம் படியில் 'அறியப்பட்டது ஒன்றே' என்று முடியும் ஏணி அது.

இந்த ஏணி எதன்மேல் சாத்தப்பட்டிருக்கிறது? இலண்டன், பாரிஸ், வியன்னா, ஒக்ஸ்போர்ட் போன்ற நகரங்களின் காட்சிசாலைத் தட்டுகளின்மேல். அங்கே எத்தனை உள்ளன என்று எண்ணினார்கள். குறைவாக இருந்தவற்றை அரிது என்றார்கள். அந்தத் தட்டுகளோ அவ்வக்காலத்துச் சேகரிப்பாளரின் விருப்பத்தால் நிரம்பியவை. அழகிய முகம், தெளிந்த எழுத்து, அபூர்வமான அரசன் ஆகிய இவையே உள்ளே வந்தன. தேய்ந்த சில்லறையை எவன் பொறுக்கினான்? அதனால் சில வகைகளில் அக்கணக்கு தலைகீழாகவே போயிற்று. வீதியில் இறைந்து கிடந்தது தட்டில் குறைந்தது. அன்றியும், ஐரோப்பாவின் எங்கோ ஒரு வயலிலிருந்து ஒரு குடம் காசு வெளிப்பட்டால் போதும். நேற்றுவரை மிக அரிதாக இருந்தது இன்று சாதாரணமாகிவிடுகிறது.

உண்மையில் அருமை என்ற ஒரு சொல்லுக்குள் நான்கு வெவ்வேறு கணக்குகளைப் போட்டுக் குழப்புகிறார்கள். அக்கசாலையில் அடிக்கப்பட்டவை எத்தனை என்பது ஒன்று. அதனை மறைமுகமாகவேனும் அறிய வழியுண்டு. கிடைத்துள்ள காசுகள் எத்தனை அச்சுகளிலிருந்து பிறந்தன என்று ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்; புதிதாகக் கிடைக்கும் ஒவ்வொன்றும் புதிய அச்சையே காட்டினால் அடித்தவை ஏராளம், பார்த்த அச்சே திரும்பத் திரும்ப வந்தால் அடித்தவை சொற்பம். மண்ணில் எஞ்சியிருப்பவை எத்தனை என்பது இரண்டாவது கணக்கு. அதை மண்ணே அறியும். அறிஞர் கண்ணுக்கு வந்து பதிவானவை எத்தனை என்பது பிறிதொன்று. வாங்கத் துடிப்போர் எத்தனை பேர் என்பது முற்றிலும் வேறான சங்கதி. சந்தைக்காரன் நான்காவதைப் பார்த்து விலை வைக்கிறான். மூன்றாவதைக் காட்டி அதற்கு விளக்கம் சொல்கிறான். கேட்பவரோ முதலாவதைப் பற்றிய சரித்திர உண்மை என்று அதை நம்பிவிடுகிறார்.

சீசரைக் கொன்ற புரூட்டஸ், அக்கொலையைப் பெருமையோடு பறைசாற்றிக் கி.மு. 42 இல் ஒரு காசு அடித்தான். இரண்டு குத்துவாளும் அவற்றினிடையே விடுதலைக் குல்லாயும் பொறித்த காசு அது. வெள்ளியில் ஏறத்தாழ நூறு அறியப்பட்டுள்ளன, பொன்னில் மூன்றே. அந்த மூன்றில் ஒன்று 2020 இல் இலண்டனில் ஏலம் போனபோது நாற்பது இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேல் விலை பெற்றது. பழம்பெரும் பிரபுவின் சேகரத்திலிருந்து வந்ததென்று அதற்கு ஒரு குலவரலாறும் சொல்லப்பட்டது. அந்த வரலாறு புனைவு என்று பிறகு வெளியாயிற்று. ஏல நிறுவனத்தின் அதிபர் நியூயோர்க்கில் கைதானார். 2023 மார்ச்சில் காசு கிரேக்க நாட்டிடம் ஒப்படைக்கப்பட்டது. உலகின் மிக அருமையான காசு என்று கொண்டாடப்பட்டது எந்த மண்ணிலிருந்து, யார் கையால் வெளிவந்தது என்பதைச் சொல்லப் பொய்யைத்தான் தேடவேண்டியிருந்தது. மூன்று காசுகளில் ஒன்று. அதற்கே இந்தக் கதி. அப்படியாயின், உல்லைக்கழியோரத்து நகத்தளவுச் செம்பைப் பற்றி யார் கவலைப்படப் போகிறார்கள்?

நாம் கவலைப்படுகிறோம். ஏனென்று சொல்கிறோம்.

உரோமச் சில்லறை ஐரோப்பாவிலே மலிவானது, அதை மறுப்பதற்கில்லை. கழுவாத காசு என்று பெயரிட்டு, மண்ணோடு மண்ணாக நூறு நூறாகக் கூட்டிவைத்து விற்கிறார்கள். கிழக்கு ஐரோப்பிய வயல்களைக் கருவி கொண்டு துழாவி அள்ளியவை அவற்றிற் பெரும்பகுதி. ஆனால் அதே காசு இத்தீவின் மண்ணிலிருந்து வெளிப்படும்போது அதன் கதையே வேறு. அந்தியோக்கியாவிலோ அலெக்சாந்திரியாவிலோ அடிக்கப்பட்ட ஒரு செப்புத்துண்டு, செங்கடலையும் அரபிக் கடலையும் கடந்து, பல கைகள் மாறி, வெருகல் வாயிலை எப்படி எட்டியது? பொன்னும் வெள்ளியும் கடல் கடப்பது இயல்பு. தன் பெறுமதியைத் தன் உடம்பிலேயே சுமந்து செல்வது அது. செப்புச் சில்லறையோ பிறந்த நாட்டுச் சட்டம் தரும் மதிப்பில் ஓடுவது. அந்தச் சட்டம் செல்லாத ஊரில் அதை யார், எதற்காக ஏற்றார்கள்?

இத்தீவில் கிடைத்த உரோமக் காசுகளைப் பற்றி 1907 இல் ஜோன் ஸ்ரில் என்பவர் ராயல் ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையில் எழுதினார். 1924 இல் கொட்ரிங்டன் தமது 'இலங்கை நாணயங்கள்' நூலில் விரிவாக ஆராய்ந்தார். சிகிரியாவில் பெல் நடத்திய அகழ்வில் நூற்றுக்கணக்கில் வெளிவந்தவை இந்தச் சிறு செப்புக்காசுகளே. 1917, 1919 ஆம் ஆண்டுகளில் போல் பீரிஸ் கந்தரோடையைப் பற்றி எழுதியபோது அங்கும் உரோமக் காசு கிடைத்ததைக் குறித்தார். எதிர்க்கரையில் அழகன்குளத்து அகழாய்வில் இரண்டாம் வாலண்டீனியன், தியோடோசியஸ், ஆர்க்கேடியஸ் ஆகியோரின் காசுகள் வந்தன. தென்னிந்தியாவில் முதல் நூற்றாண்டுப் பொன்னும் வெள்ளியும் குவியல் குவியலாகக் கிடைக்க, இலங்கையில் அவை மிகச் சிலவாகவும் பிற்காலச் செம்பு பல்லாயிரமாகவும் கிடைக்கின்றன. இந்த வேறுபாடே ஒரு சரித்திரம். அச்சடித்த காலத்திலேயே வந்த காசா, மதிப்பிழந்தபின் வெறும் செம்பாக மூட்டைகட்டிக் கொணரப்பட்டதா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. அதைத் தீர்க்கப் போவது காசின் முகம் அன்று. அது கிடந்த மண் அடுக்கும், பக்கத்திலே கிடந்த பானையோடும், மணியும், கரித்துண்டுமே தீர்க்கும். இலண்டன் பட்டியலிலே 'சாதாரணம்' என்று குறிக்கப்பட்ட காசாயினும், இன்ன ஊரின் இன்ன காணியில் இத்தனை அடி ஆழத்தில் இன்னின்னவற்றோடு கிடந்தது என்ற பதிவோடு வந்தால், அதுதான் அருங்காசு. அத்தகைய பதிவோடு உள்ளவை, தட்டுகளில் உறங்குபவற்றில் ஒரு சிறு பகுதியே.

பட்டியலுக்கு வெளியே நிற்கும் இன்னொரு கூட்டம் உண்டு. உரோமக் காசைப் பார்த்து இங்கேயே செய்த போலிக்காசுகள். போலி என்றதும் கள்ளக்காசு என்று எண்ணிவிடலாகாது. வெளியிலிருந்து வந்த சில்லறை சந்தைக்குப் போதாமற் போகவே, இத்தீவின் கம்மியர் தம் கையாற் செய்த மாற்றுக் காசுகள் அவை என்று கொள்வதே பொருந்தும். மாத்தறைப் பக்கத்து நைமன என்ற ஊரின் பெயரால் ஒருவகைக்குக் கொட்ரிங்டன் பெயரிட்டார். அவற்றைக் கண்ணாடி வைத்துப் பார்க்கவேண்டும்! இலத்தீன் எழுத்து அறியாத கை, அவ்வெழுத்துகளை வெறும் கோடும் புள்ளியுமாக்கிவிட்டது. மன்னன் முகம் வட்டமும் வளைவுமாயிற்று. ஈட்டி ஏந்திய வீரன் குச்சிமனிதனாயினான். ஐரோப்பியச் சேகரிப்பாளர் இத்தகையவற்றை 'காட்டுமிராண்டிப் படைப்பு' என்று ஒதுக்கினர். பேரரசுப் பட்டியலில் அவற்றுக்கு இடமில்லை, ஆகவே அருமைக் குறியும் இல்லை. 2008 இல் ஜேர்மானியர் வால்பர்க் பழைய இலங்கையின் காசுகளைத் தொகுத்தபோதுதான் இவை தக்க கவனம் பெற்றன. நம் பார்வையில் தியோடோசியஸின் முகத்தைவிட இந்தக் குச்சிமனிதன் பெரியவன். பேரரசன் தன் பெயரைத் தானே பொறித்துக்கொண்டான்; அவனை அறிய நூறு நூல்கள் உண்டு. மீனுக்கும் நெல்லுக்கும் மாற்றிக்கொள்ளச் சில்லறை இன்றித் தவித்த ஒரு சந்தையின் சாட்சியாக நமக்குக் கிடைத்திருப்பதோ, பெயரில்லாத அந்தக் கம்மியனின் கோணல் கோடு ஒன்றே. அதைத்தான் தரகர் 'இது பழுதுபட்டது' என்று வீசிவிட்டுப் போகிறார்.

பழுது என்றதும் புதுக்கோட்டை நினைவுக்கு வருகிறது. 1898 இல் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் கிடைத்ததாக வெளியான குவியலில் 501 பொற்காசுகள் இருந்தன. மிகப் பெரும்பாலானவற்றில் மன்னனின் தலைக்கு குறுக்கே உளியால் வெட்டியிருந்தது. சேகரிப்பாளனுக்கு இதைவிட மனவேதனை வேறில்லை. வெட்டுப்பட்ட காசு விலை இழந்த காசு. வெட்டியவன் யார், ஏன் வெட்டினான்? இனி நாணயமாக ஓடவேண்டாம், பொன்னாக ஓடு என்று அதை விலக்கிவைத்த செயல் என்பர் சிலர். வேறு விளக்கங்களும் உண்டு. எதுவாயினும், உரோமாபுரிச் சக்கரவர்த்தியின் முகத்திலே உளி வைத்த ஒரு கை இருந்தது. வெட்டுத்தான் அந்தக் குவியலின் செய்தி. வெட்டில்லாத காசு உலகில் எங்கும் கிடைக்கும்.

கிளாடியஸ் ஆண்ட காலத்தில் அன்னியஸ் புளோக்காமஸ் என்பவனின் அடிமைநீங்கிய ஆள் ஒருவன் காற்றில் அகப்பட்டு இத்தீவிலே கரையொதுங்கினான் என்று பிளினி எழுதுகிறார். அவனிடமிருந்த தினாரிக் காசுகளை இந்நாட்டு அரசன் பார்வையிட்டானாம். வெவ்வேறு மன்னர் முகங்கள் இருந்தும் எல்லாக் காசும் ஒரே எடையாய் இருப்பதைக் கண்டு, இவர்கள் நேர்மையாளர் என்று வியந்தானாம். உரோமன் தன்னைப் புகழ்ந்துகொள்ளச் சொன்ன கதை என்று தள்ளினாலும், அக்கதையின் அரசன் கேட்ட கேள்வியை நாம் மதிக்கிறோம். எந்த முகம் அபூர்வம் என்று அவன் பொறுக்கவில்லை. இந்தக் காசு தன்னைச் செய்தவர்களைப் பற்றி என்ன சொல்கிறது என்று கேட்டான். இரண்டாயிரம் ஆண்டு கழித்து நம்முடைய படித்த வர்க்கம் அதற்கும் கீழே இறங்கியிருக்கிறது.

இனி நம் வீட்டாரைப் பற்றி. உரோமக் காசு ஒன்று தமிழ்ப் பிரதேசத்தில் கிடைத்தது என்றால், மறுநாளே மேடைகளில் முழக்கம் எழுகிறது: 'பாரீர், யவனர் தேடிவந்த தமிழர் துறைமுகம்!' இன்னொரு தரப்பிலே, அதே காசைக் காட்டி, இது அநுராதபுர இராசதானியின் துறை, ஆகவே இது எமக்கே உரியது என்கிறார்கள். அந்தச் செப்புத்துண்டு தமிழும் பேசவில்லை, சிங்களமும் பேசவில்லை. யாரோ ஒரு பரதவனோ வணிகனோ மாலுமியோ அதைக் கைமாற்றினான்; அவன் எந்த மொழியில் விலை பேசினான் என்பதைக் காசின் முகம் சொல்லாது. இரு தரப்பாரும் அதை வெறும் கொடிக்கம்பமாக்குகிறார்கள். தரகன் காசிலிருந்து ஊரை அறுத்தெறிந்தான். இவர்கள் ஊரைப் பிடிக்கும் கயிறாகக் காசைத் திரிக்கிறார்கள். 362 இல் யூலியன் பேரரசனிடம் செரந்திவி நாட்டுத் தூதர் வந்தனர் என்று அம்மியானுஸ் குறித்திருக்கிறார். செரந்திவி என்பது இத்தீவே. அந்தத் தூதர் இன்னாரின் முன்னோர் என்று நாளை ஒரு கட்சி கூட்டம் போட்டாலும் நாம் வியக்கமாட்டோம்.

வாய்ச்சண்டையோடு இது நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்போம். ஆனால் ஈச்சிலம்பற்று மக்களுக்கு இது காணிப் பிரச்சினை. 2004 டிசம்பரில் கடல் இக்கரைமேல் ஏறி வந்தது. 2006 இல் மாவிலாற்றுப் பிணக்கிலிருந்து மூண்ட போரில் ஊர் முழுவதும் வாகரைப் பக்கம் ஓடியது. மறு ஆண்டில் சிறுகச் சிறுகத் திரும்பியது. திரும்பி வந்தவன் முதலில் தேடியது தன் காணியின் எல்லைக்கல்லை. அப்படிப்பட்டவனிடம் 2020 ஜூனில், கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கென்று பாதுகாப்புச் செயலாளர் தலைமையில் ஒரு ஜனாதிபதிச் செயலணி அமைக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. மூவினமும் வாழும் மாகாணத்துக்கான அக்குழுவில் அது அமைக்கப்பட்டபோது ஒரு தமிழரோ ஒரு முஸ்லிமோ இருக்கவில்லை. அந்தச் செயலணி இன்று இல்லை. அது விதைத்த அச்சம் இருக்கிறது. மண்ணில் பழம்பொருள் ஏதும் அகப்பட்டால், காணிக்கே வினை வந்துவிடும் என்று உழவன் நினைக்கிறான். ஒரு காசு கிடைத்த மாத்திரத்தில் காணி பறிபோகாது என்று சட்டம் தெரிந்தவர் சொல்வர். அச்சம் சட்டப் புத்தகத்தைப் படித்துவிட்டு வருவதில்லையே. அவன் அந்தக் காசை மடியில் முடிந்துகொண்டு வாய்மூடி இருப்பான்; அல்லது களப்பில் எறிவான்; அல்லது தரகர் தரும் இருநூறை வாங்கிக்கொள்வான். அவனைக் குறைசொல்ல நமக்கு மனம் வரவில்லை.

சட்டமோ தெளிவாகத்தான் இருக்கிறது. 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தின்படி, இன்னும் கண்டெடுக்கப்படாது மண்ணுள் இருக்கும் தொல்பொருளெல்லாம் அரசின் உடைமை. காணிக்காரன் என்பதனால் அது அவனுடையதாகாது. மக்களின் பொதுச்சொத்து என்ற கொள்கையை நாம் முழுமனதோடு ஏற்கிறோம். தனியாரின் பேழைக்குள் சரித்திரம் பூட்டப்படுவதை எதிர்க்கும் நாம் வேறெப்படிச் சொல்வோம்? ஆனால் பொதுச்சொத்து என்றால், கண்டெடுத்தவனும் அந்தப் பொதுவில் ஒருவன் அல்லவா? கொண்டுவந்து கொடுத்தவனுக்கு அவன் மொழியில் ஒரு பற்றுச்சீட்டு உண்டா? அந்தக் காசு எங்கே போயிற்று, என்னவென்று அறியப்பட்டது என்று யாராவது அவனுக்குத் திரும்பச் சொல்கிறார்களா? கொழும்பு நூதனசாலைக்கும் ஈச்சிலம்பற்றுக்கும் இடையிலான தூரத்தை மைல்கணக்கில் மட்டும் அளக்கமுடியாது.

தனியார் சேகரிப்பாளர் எல்லோரையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கவும் நாம் தயாரில்லை. தமிழ்நாட்டில் 'தினமலர்' ஆசிரியராய் இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி, கரூர் அமராவதி ஆற்று மணலிலும் மதுரையிலும் கிடைத்த பிற்கால உரோமச் செப்புக்காசுகளைத் தேடி வாங்கி, படித்து, 1994 இல் நூலாகவே வெளியிட்டார். ஒருவரும் மதியாத சில்லறையை அவர் மதித்தார். அவர் வாங்காதிருந்தால் அவற்றிற் பல உருக்கு உலைக்குப் போயிருக்கும். அது பெரும் பணியே. எனினும் ஆற்றுமணலைச் சலித்தவர் கையிலிருந்து வணிகர் கைக்கும், அங்கிருந்து அறிஞர் மேசைக்கும் வருவதற்குள், மண் அடுக்கு என்ற ஒன்று இல்லாமற் போய்விடுகிறது. எவ்வளவு நல்ல சேகரிப்பாளராலும் அதை விலைகொடுத்து மீட்டல் இயலாது. பணம் வாங்காத ஒருவர், காசு கண்ட அந்தக் கணத்திலே, அந்த வரப்பிலே நின்றிருக்கவேண்டும். அவர் யார்? ஊர்ப் பள்ளிக்கூடத்து ஆசிரியராக இருக்கலாம்; உயர்தர வகுப்பு மாணவியாக இருக்கலாம்.

ஆகவே நாம் கேட்பது அதிகமில்லை. வெருகல் பிரதேசத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில், அல்லது மூதூரில், கிடைத்த பொருளைப் பதியும் பேரேடு ஒன்று தமிழிலும் சிங்களத்திலும் இருக்கட்டும். கொண்டுவந்தவரின் பெயர், காணியின் பெயர், ஆழம், நாள் ஆகியவை அதில் எழுதப்படட்டும். கொடுத்தவர் கையில் அவற்றைக் குறித்த ஒரு சீட்டுப் போகட்டும். தொல்பொருள் திணைக்களத்தின் கிழக்குப் பணிகளில் அம்மொழி பேசுவோர் அமர்த்தப்படட்டும். பதிந்ததனால் ஒருவருடைய உழவுக்கு இடையூறு வராது என்பதை எழுத்திலே தரட்டும். கிடைத்த காசின் நிழற்படமாவது கிடைத்த ஊரிலே ஒரு சுவரில் தொங்கட்டும். செப்புக்காசுக்குச் செலவிடப் பணமில்லை என்று சொல்வார்கள். பேரேட்டுக்கும் பேனாவுக்கும் எவ்வளவு பணம் வேண்டும்?

அதுவரைக்கும், நம் வாசகர்களில் உழவரும் மீனவரும் அவர்தம் பிள்ளைகளும் உள்ளனர் ஆதலால், அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அப்படியொரு காசு கிடைத்தால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். சாம்பல் கொண்டு துலக்காதீர்கள். பளபளப்பு வரும், ஆனால் அக்கசாலையின் பெயரைச் சொல்லும் அடிவரியின் மூன்று நான்கு எழுத்துகள் போய்விடும். மண்ணோடே உலரவிட்டுத் தாளில் மடியுங்கள். அத்தாளின்மேல் காணியின் பெயரையும், எந்தப் பக்கத்து வரப்பு என்பதையும், மண்வெட்டி எத்தனை முறை இறங்கியபின் வந்தது என்பதையும் எழுதுங்கள். பக்கத்தில் கிடந்த ஓட்டுத்துண்டையும் எறியாமல் அதனோடு வையுங்கள். யாரிடம் கொடுத்தாலும், சீட்டு எழுதி வாங்காமல் கொடுக்காதீர்கள்.